ஐயாயிரம் மீட்டர் நடையில் ஆறாம் இடம்

எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே விளையாட்டுச் சான்றிதழில் ‘ஐயாயிரம் மீட்டர் நடை, ஆறாம் இடம்’ என்று எழுதியிருக்கிறது. போட்டியை முடித்ததே ஆறு பேர்தான் என்பதை எழுதவில்லை. அம்மா அதை லேமினேட் செய்து ஹாலில் டி.வி.க்கு மேல் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வரும் உறவினர்கள் அதையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். “நடக்குறதுக்கெல்லாமாப்பா போட்டி வெக்கிறாங்க?” என்று ஒரு சித்தப்பா கேட்டார். “ஆமா சித்தப்பா, அடுத்த வருஷம் உக்கார்றதுக்கு வெக்கிறாங்க. நம்ம குடும்பத்தோட கலந்துக்கலாம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது எனக்கு வரும். வேறெதுவும் வராது.

நான் படித்தது ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் பாதிரியார்கள் நடத்தும் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில். கல்லூரியாக இருந்து பல்கலைக்கழகமாக மாறிய கையோடு வாசல் வளைவை இரண்டு மடங்கு உயர்த்திக் கட்டினார்கள்; மைதானத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஓடுபாதை என்றால் நானூறு மீட்டர் என்பது உலகத்துக்கு. எங்களுக்கு முந்நூறு. இரண்டாவது வளைவில் லூர்து மாதா கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோவில், இருந்தது. மாதாவை நகர்த்த முடியாது என்பதால் பாதை நகர்ந்துகொண்டது. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, உடம்பைச் சாய்த்து, மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் இடிக்காமல் திரும்ப வேண்டும். கிறிஸ்தவப் பையன்கள் திரும்பும்போது சிலுவை போட்டுக்கொள்வார்கள். கோவில்பதாகையில் அம்மன் கோவில் கூழுக்கு வரிசையில் நிற்கிற நானும் போட்டுக்கொள்வேன். இடித்தால் வலிக்கும் இல்லையா.

நான் தடகளத்தில் சேர்ந்தது ஓ.டி.க்காக. மைதானத்தில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் வகுப்பில் இருந்ததாக வருகைப்பதிவு போட்டுக் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் ஓ.டி. பயிற்சி முடிந்தால் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் உண்டு. அக்கவுண்டன்சி வகுப்புக்குப் போனால் முட்டை கிடையாது. என்னைப் போன்ற அறிவாளி என்ன செய்வான்?

உடம்பு அப்போதே தொண்ணூறு கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் என்னை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் பி.டி. சாரின் ‘ரொப்பு’ முறை. ஆறு கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு தடகளப் போட்டி நடத்தும். நூறு மீட்டர், நீளம் தாண்டுதல் என்றால் முப்பது பேர் வந்து நிற்பார்கள். சங்கிலிக் குண்டு எறிதல், நடைப்போட்டி இதற்கெல்லாம் ஆளே வராது. ஆனால் முதல் ஆறு இடத்துக்குப் புள்ளி உண்டு. அதனால் சார் அந்தப் போட்டிகளில் கிடைத்தவனை எல்லாம் போட்டு ரொப்புவார். ஜெயிக்க வேண்டாம், முடித்தால் போதும், எவனாவது மயங்கி விழுந்தால் நமக்கு ஒரு புள்ளி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “ஏலே, நீ ஓட வேண்டாம். எறியவும் வேண்டாம், எவன் மண்டையிலயாவது போட்டுருவ. நடக்கத் தெரியும்லா?” என்றார்.

“தெரியும் சார். கேன்டீன் வரைக்கும் நடந்திருக்கேன்.”

“செத்த மூதி. நடையில பேர எழுதிக்க.”

நடைப்போட்டியில் எங்கள் பக்கம் உண்மையாகவே நடக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அண்ணனூர்க்காரன். அவன் அப்பா மின்சார ரயில் பணிமனையில் காண்டிராக்டரிடம் பெட்டி கழுவும் வேலை பார்த்தார். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங். ஒல்லியாக, கறுப்பாக, காதுகள் மட்டும் கொஞ்சம் பெரியதாக இருப்பான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன். அவனுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும்; வராவிட்டால் ஒதுக்கீடு அன்றோடு போய்விடும், அந்த வருஷத்திலிருந்தே முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அவன் வீட்டில் அது ஆகாத காரியம். முதல் வருஷம் இரண்டாவது வந்து தப்பித்திருந்தான். இது இரண்டாம் வருஷம்.

“மூணாவது வந்தா போதும் மாமே. தங்கம்லாம் யாருக்கு வோணும்? மூணாவது வந்துட்டா அப்பால ஒரு வருஷத்துக்கு டென்சன் இல்ல” என்பான்.

நடைப்போட்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாதமாவது எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். முன்னால் வைக்கும் காலின் முட்டி மடங்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவன் கழுத்து நரம்பும் உதட்டைக் கடித்திருப்பதும் தெரியும், சிரிப்பு வராது. நான் எப்போதும் தொலைவில்தான் இருந்தேன், எப்படியும் இரண்டு சுற்று பின்னால்.

அவனுக்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு வாரத்தில் கேன்டீன் மாஸ்டர்வரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சி முடிந்ததும் மைதானத்து சிமென்ட் படிக்கட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பனியனைத் தொப்பைக்கு மேல் சுருட்டிவிட்டு, இடுப்பை வெட்டி வெட்டி அவன் நடையை நடந்து காட்டுவேன். கூடவே வர்ணனை: “இதோ வந்துகொண்டிருக்கிறது அண்ணனூர் வாத்து! முட்டை வருமா, மெடல் வருமா?” படிக்கட்டு குலுங்கும். அவனும் சிரிப்பான். சிரிக்க ஆரம்பித்தால் அவனால் நிறுத்த முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். “போதும்டா நைனா, வவுறு வலிக்குது” என்று கெஞ்சுவான். என்னிடம் அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அதை நான் நட்பு என்று நினைத்திருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தான். கோவில்பதாகையில் நாங்கள் பல தலைமுறையாக இருக்கிறவர்கள். நிலம் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் வாடகை வீடாகி, அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாடகை வாங்குவதைத் தொழிலாகச் செய்தார். அம்மா அவனிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். தெருப்பெயரைச் சொன்னான். அம்மா உள்ளே போய் எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவனுக்குக் காகிதக் கப்பிலும் தண்ணீர் கொண்டுவந்தார். அவன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்கூட்டுல தண்ணிக்கே யூஸ் அண்ட் த்ரோவா? செம மாடர்னு மாமே” என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் கப்பைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டான். குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்கவில்லை.

அந்த வருஷம் போட்டியை நடத்தும் முறை எங்களுடையது. காலை ஏழரைக்கு நடை. மாதா பாட்டு, ஜெபம், கொடியேற்றம் எல்லாம் முடிந்து எட்டு பேர் கோட்டில் நின்றோம். முந்நூறு மீட்டர் பாதையில் ஐயாயிரம் மீட்டர் என்றால் பதினாறு சுற்றும் இன்னும் ஒரு முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவும். நடுவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு வளைவோ நேர்க்கோடோ பிரித்துக்கொண்டு நின்றார்கள். கால் தூக்கினால் முதலில் மஞ்சள் அட்டை காட்டி எச்சரிப்பார்கள். அதற்குப் பிறகும் தூக்கினால் சிவப்பு. மூன்று பேரும் ஆளுக்கொரு சிவப்பு கொடுத்துவிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. மற்றபடி மூவருக்கும் அது விடுமுறை மாதிரிதான். வெயிலில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போகிறவனைப் போக விட்டுக்கொண்டு நின்றார்கள்.

புறப்பட்ட ஒரு நிமிஷத்தில் எனக்குப் பின்னால் யாருமே இல்லாத நிம்மதி கிடைத்தது. நான் படிக்கட்டைப் பார்த்து, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை கையாட்டுவதுபோல ஆட்டினேன். கைதட்டினார்கள். எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் அன்று ஓ.டி.; படிக்கட்டு நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நடுவில் குஷன் நாற்காலியில் ஃபாதர். எங்கள் பல்கலைக்கழகத்தில் பல ஃபாதர்கள் உண்டு; வெறுமனே ஃபாதர் என்றால் அவர்தான், எல்லா முடிவும் அவருடையது.

நான்காவது சுற்றில் அண்ணனூர்க்காரன் என்னைக் கடந்துபோனான். “இன்னா மாமே, உசுரோட கீறியா?” என்று கேட்டுவிட்டுப் போனான். நான்காவது இடத்தில் இருந்தான். மூன்றாவது ஆள் கைக்கெட்டும் தூரத்தில். எட்டாவது சுற்றில் மறுபடி வந்தபோது மூன்றாவதாக வந்தான். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. படிக்கட்டுக்கு நேரே என்னைத் தாண்டினான். அப்போது யாரோ, “டேய் குண்டு, வாத்து போடுடா!” என்று கத்தினார்கள்.

போட்டேன். அவனுக்குப் பக்கத்திலேயே, தொப்பையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பை வெட்டிக்கொண்டு இருபதடி தூரம். ஈடுகொடுப்பதற்காக நான் ஓடத்தான் செய்தேன், இரண்டு காலும் காற்றில் இருந்தன. படிக்கட்டு வெடித்தது. அவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். பிறகு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. “வேணாம்டா... டேய்... வேணாம்டா” என்று சிரித்துக்கொண்டே போனான். தோள் குலுங்கியது, முட்டி மடிந்தது. இந்தச் சத்தம் எதற்கு என்று திரும்பிய நடுவர் முதன்முறையாகக் கால்களைப் பார்த்தார். அவன் கால்களை. என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டு, அவனுக்கு மஞ்சளைக் காட்டினார்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இதுவரை சொல்லலாம். பன்னிரண்டாவது சுற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவன் கெபி வளைவைத் திரும்பி வருவது தெரிந்ததுமே படிக்கட்டு “வாத்து! வாத்து!” என்று தாளம் போட ஆரம்பித்தது. மஞ்சள் அட்டை எனக்கு நினைவிருந்தது. மூன்றாவது இடம் அவனுக்கு என்ன என்பதும் நினைவிருந்தது. பெண்கள் எழுந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இத்தனை பேர் எனக்காக எழுந்து நின்றது அந்த நாளுக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அவன் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டலையும் சேர்த்துக்கொண்டு செய்து காட்டினேன். அது இன்னும் நன்றாக எடுபட்டது.

அந்தச் சுற்றில் அவனுக்கு நேர்க்கோட்டில் ஒரு சிவப்பு, வளைவில் ஒரு சிவப்பு. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே போனான். சிரிப்பா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பி.டி. சார் பாதையோரமாக ஓடிவந்து, “ஏலே, கால ஊனுல! சிரிக்காதல! சோலி முடிஞ்சிரும்!” என்று அவனிடம் கத்தினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரொப்பு ஆட்களிடம் நடந்தால் போதும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் எதிர்பார்த்ததில்லை.

கடைசிச் சுற்றில் நான் எதுவுமே செய்யவில்லை. செய்யத் தேவைப்படவில்லை. அவன் என்னை நெருங்கியபோதே முழுப் படிக்கட்டும் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தது. நான் சும்மா அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், படிக்கட்டு ஊளையிட்டது. அவன் உடம்பு தானாகவே குலுங்கிற்று, கால் எழும்பியது. கோட்டுக்கு இன்னும் ஐம்பது மீட்டர்கூட இல்லை. மூன்றாம் நடுவர் பாதைக்குள் இறங்கி, அவன் மார்புக்கு நேரே சிவப்பு அட்டையை நீட்டி நிறுத்தினார். அவன் நின்றான். பின்னால் வந்தவன் அவனைச் சுற்றிக்கொண்டு போய் மூன்றாவதாக முடித்தான்.

எனக்கோ இன்னும் நான்கு சுற்றும் சில்லறையும் பாக்கி. நான் நின்றுவிட்டேன். சார் பாய்ந்து வந்தார். “நிக்காதல! ஒருத்தன் வெளிய போயிட்டான், இன்னொருத்தன் கெபிகிட்ட வாந்தி எடுத்துட்டு உக்காந்துட்டான். நீ முடிச்சா ஆறாவது. ஒரு புள்ளி! நடல!”

நடந்தேன். அவன் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதையோரத்தில் நின்றிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் அவனைக் கடக்க வேண்டியிருந்தது. நான்கு முறை. முதல் முறை தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் முறை படிக்கட்டிலிருந்து “குண்டு, இன்னொரு தடவ!” என்றார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நடப்பது எனக்குப் பயமாக இருந்தது. செய்தேன். அவன் நின்றிருந்த இடத்துக்கு நேரேதான். மூன்றாம் முறை வந்தபோது அவன் அங்கே இல்லை. கெபியைத் தாண்டிப் போய் முதுகைக் காட்டி நின்றிருந்தான். கணக்குப் பார்த்தால் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அவனைக் கடந்ததாகச் சொல்ல முடியாது.

மைதானமே எழுந்து நின்று என்னை வரவேற்றது. முதலில் வந்தவனுக்குக்கூட அப்படிக் கைதட்டல் இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் ஃபாதர் அறைக்குப் போனேன். தைரியமாகத்தான் போனேன். “ஃபாதர், அவன் தப்பு இல்ல. நான்தான் சிரிக்க வெச்சேன். நான் பண்ணலன்னா அவன் மூணாவது வந்திருப்பான்” என்றேன்.

ஃபாதர் புன்னகைத்தார். அவர் புன்னகைக்கும்போது மிகவும் அன்பானவராகத் தெரிவார். “உன்னோட நடைய நான் ரொம்ப ரசிச்சேன் தம்பி. கிறிஸ்துமஸ் விழாவுல மேடையில செய்யணும் நீ.”

“ஃபாதர், அவன் சீட்டு...”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. அந்தப் பையனுக்காக நான் ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி.” மேசையில் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “அடுத்த மாசம் ஆய்வுக் குழு வர்றாங்க. தடகளத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல நாலு பேர்னு காட்டியிருக்கோம். இப்ப மூணு பேர்தான் இருக்காங்க. நீ புள்ளி எடுத்திருக்கியே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவனுடைய இடத்தை ரொப்ப என்னைப் போட்டிருந்தார்கள். அவன் வெளியே போனதால் எனக்குக் கிடைத்த ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் அவன் இடம். இவ்வளவு நேர்த்தியான ஒரு ஜோக்கை நான் யோசித்துக்கூடச் சொன்னதில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா, “கட்டணமே வேணாங்குறானா? பின்ன என்னடா யோசன?” என்றார். அம்மா சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுத்தார். தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் படிப்பை விட்டுவிட்டு, பட்டாபிராமில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தான். சாயங்கால ஷிஃப்டுக்கு அந்த வண்டியில்தான் போவான் என்று சொன்னார்கள். பிளாட்பாரத்தில் நின்றிருந்தான், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

விஷயத்தைச் சொன்னேன். நேராகச் சொல்ல வரவில்லை; எனக்கு எப்போது நேராக வந்திருக்கிறது? “ஃபாதருக்குக் கண்ணுல பவர் ஏறிடுச்சுடா மச்சான். என்னைப் போயி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போட்டிருக்காரு. நாளைக்கு இந்தத் தொப்பைய ஒலிம்பிக்குக்கு அனுப்பிச்சாலும் அனுப்பிடுவாரு” என்று சொல்லி, தொப்பையைத் தட்டிக் காட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார்.

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேணான்னு சொல்ட்டியா?”

“இல்ல. இன்னும் கையெழுத்துப் போடல.”

“ஒங்கப்பாவால கட்ட முடியாதா?”

“முடியும்.”

“அப்ப இன்னாத்துக்கு என்கிட்ட வந்து சொல்லிகினு கீற?”

நீ போட்டுக்கோடா என்று அவன் வாயால் சொல்வான், சிரித்துக்கொண்டே சொல்வான் என்று நம்பித்தான் போயிருந்தேன். அதை அவன் பார்த்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு ஜோக் ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வுட்று. வேலைக்குப் போற நேரம்.”

வண்டி வந்தது. கூட்டத்தோடு ஏறி, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபாதர் அறைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லும் வாக்கியத்தைப் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் போனேன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரலில் என் பெயரைச் சேர்த்தாயிற்று என்று ஃபாதர் சொன்னார். நான் எதையோ சொன்னேன், அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.